ஒட்டியும் வெட்டியும்

மூணு வாரமா எதுவும் எழுதல. சின்ன வெங்காய நடவு ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கு, அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன்.

என் மகள் மதுரையில ஒரு பெண்கள் கல்லூரியில வேதியியல் ரெண்டாம் வருசம் படிக்கிறாள். அங்க பேச்சு அணியில இருக்கிறாள். இதை நான் இதுவரைக்கும் எழுதினதில்ல. பெருமை இல்லாம இல்ல. ஊர்ல ஏற்கெனவே "வாயாடப் படிக்க வச்சிருக்கான்"னு ஒரு பேச்சு ஓடுது, அதுக்கு நானே எண்ணெய் ஊத்த வேணாம்னு இருந்தேன்.

வாய் அவளுக்கு கல்லூரியில வந்ததில்ல. ஏழாவது படிக்கும்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் கொண்டு போன ஒரு விடியக்காலம், கூட வந்தவள் மண்டிக் கணக்கப்பிள்ளையைப் பாத்து, "எடை போட்டப்புறம் கழிவுன்னு ஏன் கழிக்கிறீங்க? கழிச்சதை நாங்க திருப்பி எடுத்துட்டுப் போலாமா?"ன்னு கேட்டாள். இருபது வருசமா நான் கேக்காத கேள்வி. கணக்கப்பிள்ளை சிரிச்சிட்டு அவளுக்கு ஒரு கொய்யாப்பழம் குடுத்தார். கழிவு மட்டும் கழிஞ்சுதான் போச்சு.

ஆனா கல்லூரிக்குப் போனதும் அந்த வாய் மூடிக்கிச்சு. அரசுப் பள்ளியில தமிழ்ல படிச்ச புள்ள. அங்க வகுப்பு எல்லாம் இங்கிலீசு. முதல் ரெண்டு மாசம் ராத்திரி போன் பண்ணி, "வந்துர்றேன்ப்பா"ன்னு அழுதாள். நானும் கூட்டிட்டு வந்துரலாம்னு ஒரு நாள் பஸ்சுக்கே கிளம்பிட்டேன். அந்த வாரம்தான் தமிழ்த்துறையில பேச்சு அணிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு அறிவிப்புப் பலகையில போட்டிருக்காங்க. போய் நின்னிருக்கிறாள். தலைப்பு சொல்லி ரெண்டு நிமிசம் பேசச் சொன்னாங்களாம். ஒரு நிமிசத்துல பேச்சு நின்னு போச்சாம். அந்த மேடம், "நின்ன இடத்துல இருந்து நாளைக்கு வந்து ஆரம்பி"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மறுநாள் போனாள். அதுக்கப்புறம் அழுது ஒரு போன் வந்ததில்ல.

அணின்னா மொத்தம் ஆறு புள்ளைங்க. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒரு மீனவர் வீட்டுப் புள்ள, சிவகாசியில இருந்து ஒண்ணு, மதுரைக்குள்ளயே ரெண்டு, தேனிப் பக்கம் ஒண்ணு, எங்க புள்ள. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு ஒரு மணி நேரம் காலி வகுப்பறையில பயிற்சி. ஆறு மணிக்கு விடுதிக் கேட்டு மூடிருவாங்க. அதுக்கப்புறம் மொட்டை மாடியில, காயப்போட்ட துணிகளுக்கு நடுவுல ஒருத்தி நின்னு பேசுவாள், மத்தவங்க உக்காந்து குறுக்க குறுக்கக் கேள்வி போடுவாங்க. போன்ல நேரம் வச்சு, எவர்சில்வர் டம்ளர்ல கரண்டியால தட்டுறதுதான் மணி. நாலாவது நிமிசம் ஒரு தட்டு, எச்சரிக்கை. அஞ்சாவது நிமிசம் ரெண்டு தட்டு, வாக்கியம் பாதியில இருந்தாலும் உக்காந்துரணும்.

பட்டிமன்றம் நமக்குப் புதுசில்ல. மணிமேகலையிலயே பட்டிமண்டபம்னு ஒரு வார்த்தை இருக்குன்னு அவள்தான் சொன்னாள். குன்றக்குடி அடிகளார் நடுவரா உக்காந்த பட்டிமன்றம் கேட்டதை எங்கப்பா கதை மாதிரி சொல்லுவார். எங்க காலத்துக்கு சாலமன் பாப்பையா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர்ல உக்காந்து பேசுறதைப் பாத்துட்டுத்தான் எங்க வீட்ல இலையே போடுவாங்க. ஆனா கல்லூரிப் போட்டிகள்ல வேற ஒரு வகை உண்டு. பேரு ஒட்டியும் வெட்டியும். ஒரு கல்லூரிக்கு ரெண்டு பேர். ஒருத்தர் தலைப்பை ஒட்டிப் பேசணும், இன்னொருத்தர் வெட்டிப் பேசணும். இவங்க போன போட்டிகள்ல யாருக்கு எந்தப் பக்கம்ங்கிறது அன்னிக்குக் காலையில சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். அதனால ரெண்டு பேருமே ரெண்டு பக்கத்தையும் தயார் பண்ணிட்டுப் போகணும்.

இதுக்கு அவங்க செய்யுற பயிற்சியைக் கேட்டப்போ எனக்குக் கோவமே வந்துச்சு. ஒருத்தி ஒட்டிப் பேசிட்டு இருக்கும்போது நடுவுல டம்ளரைத் தட்டுவாங்களாம். தட்டுன அடுத்த வாக்கியத்துல இருந்து அவளே வெட்டிப் பேசணுமாம். "இதென்ன கண்ணு, ரெட்டை நாக்கு? ஊர்ல இப்படிப் பேசுறவனுக்கு என்ன பேருன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"எதிர்ல இருக்கறவர் சொல்ல வர்றதை அவரைவிட நல்லாச் சொல்லத் தெரிஞ்சாத்தான்ப்பா அதுக்குப் பதில் சொல்ல முடியும். அவர் சொன்னதுல சரியானதை முதல்ல ஒத்துக்கணும்னு மேடம் சொல்லுவாங்க. ஒத்துக்காம வெட்டுனா அது சண்டை"ன்னாள்.

ஊர்ப் பஞ்சாயத்துல முப்பது வருசமா உக்காந்திருக்கேன். எதிராளி சொன்னதுல ஒண்ணு சரின்னு ஒத்துக்கிட்டு ஆரம்பிச்ச ஒருத்தனை நான் பாத்ததில்ல. நானும் ஆரம்பிச்சதில்ல.

முதல் வருசம் போன போட்டியெல்லாம் தோல்விதான். திருச்சி, காரைக்குடி, திருநெல்வேலின்னு போவாங்க. ஒவ்வொரு தடவையும் பெத்தவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும். நான் போட்டு போன்ல படம் எடுத்து அனுப்புவேன். வீட்டுக்காரி முணுமுணுப்பாள். "பேசிப் பேசிப் பழகுன புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்?" ஒரு தடவை திருநெல்வேலியில பரிசளிப்பு லேட்டாகி, மாட்டுத்தாவணி வந்து சேரும்போது ராத்திரி பதினொண்ணு. கூட மேடம் இருந்தாங்க, பத்திரமா விடுதியில விட்டுட்டுத்தான் போனாங்க. ஆனாலும் அந்த ராத்திரி எங்க வீட்ல யாரும் தூங்கல. அடுத்த கடிதத்துல கையெழுத்துப் போட எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

தோத்ததைவிட அவங்களுக்கு வலிச்சது வேற. ஒரு ஊர்ல ஒரு நடுவர், "பெண் பிள்ளைகள் குரலை உயர்த்தினால் கீச்சென்று இருக்கிறது, கருத்து காதில் ஏறவில்லை"ன்னு மேடையிலயே சொல்லிட்டாராம். ராமநாதபுரத்துப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சாம். பஸ்ல வரும்போது ஆறு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. கத்தக் கூடாது. எங்க மத்தவங்க குரலை உயர்த்துவாங்களோ அங்க நாம தணிக்கணும். அதுக்காகவே ஒரு மாசம் பயிற்சி. மொட்டை மாடியில ஒருத்தி தண்ணித்தொட்டிப் பக்கம் நின்னு மெதுவாப் பேச, மறுகோடியில இருக்கறவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேக்கணும். தொண்டைக்குப் பனங்கற்கண்டு இங்கருந்து நான் வாங்கி அனுப்பினேன்.

ரெண்டாம் வருசம் ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. முதல் பரிசுப் பணத்துல அவள் பங்கு 750 ரூபாய். அதுல எனக்குத் தலையில மாட்டுற டார்ச் லைட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாள். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும்போது ஒரு கையில மம்பட்டி, ஒரு கையில டார்ச்சுன்னு நான் தடுமாறுறது அவளுக்குத் தெரியும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன மாசம் திண்டுக்கல்ல ஒரு போட்டி. தலைப்பைப் பத்து நாள் முன்னாடியே குடுத்துட்டாங்க. "தாய்வீட்டுச் சொத்தில் பங்கு கேட்பது உறவைக் குலைக்கும்." ஒட்டிப் பேசுறதுக்கு யோசனை வேணும்ப்பான்னு போன் பண்ணாள்.

எனக்கு ஒரே குசி. இதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. வரப்புல உக்காந்து ஒரு மணி நேரம் சொன்னேன். ஒண்ணு, கல்யாணத்துக்கு நகை, பாத்திரம், பீரோன்னு சீர் செஞ்சாச்சு, அதுவும் சொத்துதான். ரெண்டு, இருக்கறதே நாலரை ஏக்கர், ஒரு கிணறு, துண்டு போட்டா யாருக்கும் ஆகாது. மூணு, பங்கு வாங்கிட்டுப் போயிட்டா அப்புறம் பொங்கச்சீர் எங்க, தாய்மாமன் சீர் எங்க, ஒரு கஷ்டம்னா வந்து நிக்கிற வீடு எங்க? நாலு, நிலத்துல பங்குன்னா கடன்லயும் பங்கு. அஞ்சு, அப்பாவைக் கடைசிக் காலத்துல படுக்கையில வச்சுப் பாத்தது மகன்தான். அவள் "ம்... ம்..."னு எழுதிக்கிட்டாள். யோசிச்சுச் சொல்ல வேண்டியதே இல்லாம எனக்கு எப்படி இப்படி வருதுன்னு எனக்கே ஆச்சரியம்.

திண்டுக்கல் எங்களுக்குப் பக்கம்தான். அன்னிக்கு மண்டியில காயைப் போட்டுட்டு, சட்டையை மாத்திக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அவள் மேடையில பேசி நான் பாத்ததே இல்ல. கடைசி வரிசையில உக்காந்தேன். சீட்டுக் குலுக்குனதுல ராமநாதபுரத்துப் புள்ளைக்கு ஒட்டி, என் மகளுக்கு வெட்டி.

ராமநாதபுரத்துப் புள்ள முதல்ல பேசுச்சு. நான் சொன்ன அஞ்சும் வந்துச்சு. ஆனா நான் சொன்ன மாதிரி இல்ல. வரப்பு, கிணறு, படுக்கையில கிடந்த அப்பா எல்லாத்தையும் கண்ணு முன்னாடி கொண்டு வந்துச்சு. தணிஞ்ச குரல்ல, கடைசி வரிசை வரைக்கும் கேக்குற மாதிரி. நான் மனசுக்குள்ள வச்சிருந்ததை என்னைவிட நல்லா ஒரு புள்ள சொல்லிருச்சேன்னு கை வலிக்கத் தட்டுனேன்.

அப்புறம் என் மகள்.

முதல் வாக்கியத்துலயே, "அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது மகன்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டென்றால் அதைப் பேசி முடிக்கலாம்"னு ஆரம்பிச்சாள். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அடுத்து ஒவ்வொண்ணா எடுத்தாள்.

"நாலு ஆண்மக்கள் பிரித்தால் துண்டாகாத நிலம், ஒரு பெண் கேட்டால் மட்டும் எப்படித் துண்டாகிறது? கடனிலும் பங்கு வரும் என்கிறீர்கள். சரி. கடனை ஏற்கிறாயா, நிலத்தை ஏற்கிறாயா என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? தாய்மாமன் சீர் அன்பு என்றால், அதற்கு முன்கூட்டியே ஒரு கையெழுத்து எதற்கு?"

சட்டத்தையும் சொன்னாள். 1989 மார்ச் 25-ல இருந்து தமிழ்நாட்டுல, அன்னிக்குக் கல்யாணம் ஆகாம இருந்த இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்துல மகனுக்குச் சமமா பங்கு உண்டு. 2005-ல நாடு முழுக்க அதைக் கொண்டு வந்தாங்க. அந்தத் தேதியில அப்பா உயிரோட இருந்திருக்கணும்ங்கிற அவசியம் இல்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

நாலாவது நிமிச மணி அடிச்சதும் குரலைத் தணிச்சாள். "ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பத்திர ஆபீசில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. பிறகு எதிர்த்த ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பூரி தொண்டையில் இறங்கவில்லை என்றார். இருபது வருடமாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. உறவு குலையவில்லை, உண்மைதான். குலையாமல் பார்த்துக்கொண்டது யார்?"

பூரி வாங்கிக் குடுத்தது நான்.

எங்கக்கா கல்யாணம் 1990 தையில. அந்தச் சட்டம் வந்து ஒரு வருசம்கூட ஆகல. எங்க வீட்ல அப்படி ஒண்ணு வந்ததே யாருக்கும் தெரியாது. அப்பா 2002-ல போனார், அம்மா அதுக்கும் முன்னாடியே. 2003-ல நானும் தம்பியும் பாகம் பிரிக்கும்போது பத்திரம் எழுதுறவர்தான், "அக்கா கையெழுத்து வேணுமே"ன்னார். தாராபுரம் பக்கத்துல இருந்து அக்காவை வரச் சொன்னோம். விடுதலைப் பத்திரம். காலையில பஸ்சுல வந்துச்சு, கையெழுத்துப் போட்டுச்சு, சாயங்காலம் போயிருச்சு. ஒரு சேலை எடுத்துக் குடுத்தோம். ஆளுக்கு ரெண்டேகால் ஏக்கர் எங்களுக்கு.

போட்டி முடிஞ்சு ரெண்டாம் பரிசு வந்துச்சு. வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல.

"அத்தைகிட்ட எப்பக் கேட்ட?"

"உங்ககிட்ட கேட்ட அன்னிக்கே. ரெண்டு பக்கமும் வேணும்ல"ன்னாள். அப்புறம், "பேர் சொல்லலப்பா. அத்தைகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொன்னேன். கோவமா?"

கோவம் இருந்துச்சு, பொய் சொல்லல. சபையில வச்சு வெட்டிட்டாளேன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் இருந்துச்சு. ஒட்டன்சத்திரம் வந்து இறங்கும்போது அது வேற மாதிரி ஆயிருந்துச்சு. எனக்கு அந்த அஞ்சு காரணமும் ஏன் யோசிக்காம வந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சு. இருபது வருசமா உள்ளுக்குள்ள சொல்லிட்டே இருந்திருக்கேன். யாரும் கேக்காமலே பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை டிரங்குப் பெட்டியில இருந்த பத்திரத்தை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில நிலக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பத்திரத்தைப் பாத்ததும், "என்ன தம்பி, இன்னும் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"ன்னு கேட்டுச்சு. விளையாட்டாத்தான் கேட்டுச்சு. எனக்குத்தான் உக்கார இடம் தெரியல.

"இல்லக்கா. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்ட வந்தேன்."

படிச்சேன். மூணு பக்கம். முழு மனசோட, யாருடைய தூண்டுதலும் இல்லாமன்னு ஒரு இடத்துல வருது. அங்க அக்கா கடலை உரிக்கிறதை நிறுத்திட்டு, "இன்னொருக்கா படி"ன்னுச்சு. இன்னொருக்கா படிச்சேன். "இப்படியா எழுதியிருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு மறுபடி கடலையைக் கையில எடுத்துச்சு. முடிச்சதும் மோர் குடுத்துச்சு. "புள்ள நல்லாப் பேசுச்சாமா?"ன்னு கேட்டுச்சு. "என்னை வெட்டிருச்சு"ன்னேன். அக்கா அப்பத்தான் சிரிச்சுது.

மூணாப் பங்கு போட்டா ஆளுக்கு ஒண்ணரை ஏக்கர். அப்படின்னா எங்கிட்ட இருக்கறதுல முக்கால் ஏக்கர் அக்காவோடது, தம்பிகிட்ட முக்கால். என் முக்கால் ஏக்கரை எழுதிக் குடுத்துர்றதுன்னு சொல்லிட்டேன். அக்கா "யோசிச்சுச் சொல்றேன்"னுச்சு. அது யோசிக்கட்டும். வீட்டுக்காரி மூணு நாள் பேசல, நாலாவது நாள் "உம் மகளுக்கும் நாளைக்கு இதே கணக்குத்தானா?"ன்னு கேட்டாள். ஆமான்னேன். மகனைக் கூப்பிட்டு அதை அவனுக்கும் சொல்லச் சொன்னாள். பத்தாவது படிக்கிறான், கிரிக்கெட் பாத்துக்கிட்டே "சரி"ன்னான்.

தம்பிதான் இன்னும் பிடி குடுக்கல. "உனக்குப் புள்ளை சொல்லிக் குடுத்துருச்சு, எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்"னு போனை வச்சுட்டான். முன்னாடின்னா நானும் பதிலுக்குப் பேசிருப்பேன், பொதுக் கிணத்துல தண்ணி விடுறதுல சண்டை வந்திருக்கும். இப்ப ராத்திரி வெங்காயத்துக்குத் தண்ணி கட்டும்போது, தலையில மகள் வாங்கிக் குடுத்த லைட்டை மாட்டிக்கிட்டு, தம்பி பக்கத்தை நானே வாய்விட்டுச் சொல்லிப் பாக்குறேன். அவனுக்கு ரெண்டு பொண்ணு, கூட்டுறவுக் கடன், போர் போட்டுத் தண்ணி வராம போன செலவு. அவன் பக்கத்துலயும் நியாயம் இருக்கு. அதை அவனைவிட நல்லாச் சொல்ல வந்துச்சுன்னா, அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்.

மகள் அணி அடுத்த வாரம் காரைக்குடி போகுது. சம்மதக் கடிதம் கேட்டு நேத்து அனுப்பியிருந்தாள். முழுசாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.